குப்பை பிரிக்கும் பாடத்தை ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு நடத்துவது எப்படி?

கேட்டவர் அவிநாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கில வழி 8ஆம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியை. குப்பையை வகை பிரிப்பது பற்றிய பாடம். தமிழில் கேட்டால் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிகிறது. ஆங்கிலச் சொற்களையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் மட்டும் பேனா நின்றுவிடுகிறது. பயோடிகிரேடபிள் (மக்கும்), செக்ரகேஷன் (வகை பிரித்தல்), லீச்சேட் (குப்பையிலிருந்து வடியும் சாறு) மாதிரியான சொற்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் அவர் கேள்வி.

டீச்சர், நான் கோபி வட்டாரத்திலும் அப்புறம் திருப்பூர் பக்கமும் ரொம்ப வருஷம் அறிவியல் நடத்தியவன். ஆங்கில வழி வகுப்பு முதன்முதலாக என் தலையில் விழுந்த வருஷம் நானும் இதே பாடத்தில்தான் சறுக்கினேன். கரும்பலகையில் கோடு கிழித்து, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று நாற்பது சொல் எழுதிப்போட்டேன். மூன்று நாள் டிக்டேஷன். முக்கால்வாசிப் பேர் முழு மதிப்பெண். நாலாம் நாள் மேஜையில் ஒரு வாழைமட்டையையும் ஒரு பால் கவரையும் வைத்து, இதில் பயோடிகிரேடபிள் எது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். வகுப்பே என்னைப் பார்த்தது. முதல் பெஞ்சுப் பையன் எழுந்து, அந்தச் சொல்லுக்கு ஸ்பெல்லிங் சொன்னான், ஒரு எழுத்துப் பிசகாமல்.

அந்தப் பட்டியலை அதற்கப்புறம் நான் எடுக்கவில்லை. இந்தப் பாடத்துக்கு வேண்டிய அறிவு கொங்குப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் பாடப்புத்தகத்தைவிட நுணுக்கமான சொற்களோடு இருக்கிறது. அந்தச் சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் எல்லை எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது.

‘குப்பை’ என்ற சொல்லையே எடுங்கள். ஒருமுறை வகுப்பில் ‘வேஸ்ட்’ என்றால் என்ன என்று கேட்டேன். “வேண்டாததுங் சார், தூக்கிப் போடறது” என்றாள் டவுனிலிருந்து வரும் ஒரு பெண். “அப்ப குப்பை?” “அதேதானுங் சார்.” உடனே பின்னாலிருந்து ஒரு பையன், “எங்க அப்பாரு காட்டுக்கு ஓட்டறதுக்குக் குப்பைய லோடு கணக்குல காசு குடுத்து வாங்கறாருங் சார்” என்றான். அந்தப் பெண் திரும்பி, “குப்பையக் காசு குடுத்து வாங்குவாங்களா?” என்று சிரிக்க, தோட்டத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டு வாங்குவார்கள் என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரி. காட்டுக்கு அடிக்கிற குப்பை சாணமும் சருகும் மக்கிய தொழு உரம். ஆங்கிலத்தில் அதற்கு மெனுயூர் என்று வேறு பெயர். வாசலில் வண்டிக்குப் போடுகிற குப்பைதான் வேஸ்ட். இரண்டுக்கும் நடுவில் நடக்கிற சமாசாரம் கம்போஸ்டிங். ஒரே தமிழ்ச் சொல்லை மூன்று ஆங்கிலச் சொற்கள் பங்குபோட்டுக்கொள்வது அன்றைக்கு அந்தச் சண்டையில் விளங்கியது. நான் தனியாக விளக்கியிருந்தால் அவ்வளவு பதிந்திருக்காது.

திருப்பூர்ப் பிள்ளைகளிடம் இதற்கு நேர்மாறான சிக்கல். அங்கே ‘வேஸ்ட்’ என்றால் சரக்கு. பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜையில் விழும் துண்டுத் துணியை எடை போட்டு, வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்து விற்கிறார்கள். விலை உண்டு, வியாபாரி உண்டு. அதையே பாடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். துண்டுத் துணியால் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைத்தால் அது ரீயூஸ். துணி துணியாகவே இருக்கிறது. அதே துண்டு, கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓஇ மில்லுக்குப் போய், பிரித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக வந்தால் அது ரீசைக்கிள். அப்பா அம்மா யாராவது அந்த வேலையில் இருக்கும் பிள்ளை வகுப்பில் கட்டாயம் இருக்கும். அந்தப் பிள்ளையைப் பேச விடுங்கள். இந்த இரண்டு சொல்லையும் அப்புறம் யாரும் குழப்ப மாட்டார்கள்.

அடுத்தது, நிறைய ஆசிரியர்கள் கவனிக்காமல் தாண்டிப்போகிற இடம். ‘வெட் வேஸ்ட், டிரை வேஸ்ட்’ என்பதை ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பாகவே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பிள்ளை என்ன செய்யும்? வெட் என்றால் ஈரம் என்று அதற்குத் தெரியும். காய்ந்த வேப்பஞ்சருகை டிரை வேஸ்ட்டுக்கான நீலத் தொட்டியில் போடும். உள்ளே தண்ணீர் நிற்கிற பிளாஸ்டிக் பாட்டிலை வெட் வேஸ்ட்டுக்கான பச்சைத் தொட்டியில் போடும். ஆங்கிலம் புரிந்ததால் வந்த தப்பு அது. வெட், டிரை என்பது வண்டியில் எந்தப் பெட்டிக்குள் போக வேண்டும் என்பதற்கான பெயர். பயோடிகிரேடபிள் என்பது பொருளின் குணம். இரண்டும் எங்கே முட்டிக்கொள்ளும் என்று காட்ட ஒரு செய்தித்தாள் போதும். அது மக்கும்தான், ஆனாலும் டிரை வேஸ்ட். கடைக்காரர் எடைக்கு வாங்கிக்கொள்கிறார், மறுபடி காகிதமாகிறது. “இட் இஸ் பயோடிகிரேடபிள், பட் இட் கோஸ் இன்டு த டிரை பின்” என்ற வாக்கியத்தை ‘பட்’டோடு சேர்த்துச் சொல்ல வைத்துவிட்டால் பாதிப் பாடம் வந்த மாதிரி. உங்கள் வகுப்பில் பீகார், ஒடிசாப் பிள்ளைகளும் இருப்பார்கள். இந்தி தெரிந்த பிள்ளைகளுக்கு ‘கீலா கச்ரா, சூக்கா கச்ரா’ என்று காதில் விழுந்திருக்கும். அதிலும் இதே ஈரம், காய்ந்தது குழப்பம் உண்டு, அவர்களையும் கேளுங்கள்.

2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டு அபாயக் கழிவு. மூன்றாவதற்குத்தான் ‘ஹசார்டஸ்’ என்ற சொல். பழைய பேட்டரி, குழல் விளக்கு, காலாவதி மாத்திரை, ஊசி, பூச்சிமருந்து டப்பா எல்லாம் அதில் வரும். இங்கே நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கண்ணி இருக்கிறது: ‘மருந்து’. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பருத்திக்கு அடிப்பதும் மருந்து. ஒரு பையன் நோட்டில் “மை ஃபாதர் புட் மெடிசின் டு த காட்டன்” என்று எழுதியிருந்தான். சிரித்துவிட்டுப் போகிற தப்பு அல்ல இது. மெடிசின், பெஸ்டிசைட் இரண்டையும் இரண்டு காலிப் பெட்டிகளின் படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இரண்டிலும் எச்சரிக்கை வரியைப் படிக்க வையுங்கள். பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும். சிவப்புதான் ரொம்பக் கடுமையான விஷம். நிஜ டப்பாவை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். கழுவியதாக இருந்தாலும் வேண்டாம்.

‘கவர்’ என்பதும் இதே ரகம். பால் கவர், பிளாஸ்டிக் கவர் என்று நாம் சொல்வது ஆங்கிலத்தில் பாக்கெட், பவுச், பேக். கவர் என்றால் மூடி, உறை. தமிழ்நாட்டுக்குள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை, ஆனால் பரீட்சைத் தாளில் ‘கவர்’ என்று எழுதினால் வெளியூர்க்காரருக்குப் புரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.

சரி, பயோடிகிரேடபிள். நீளமான சொல் என்று பயப்படவே வேண்டாம். தமிழில் ‘மக்கு’ என்ற வேருக்குப் பின்னால் ‘உம்’ சேர்த்தால் மக்கும், ‘ஆத’ சேர்த்தால் மக்காத. நாம் எல்லாவற்றையும் வால்பக்கம் ஒட்டுகிறோம். ஆங்கிலம் ‘ஏபிள்’ என்பதை வாலிலும், ‘நான்’ என்ற மறுப்பைத் தலையிலும் ஒட்டுகிறது. நான்கு அட்டை வெட்டி நான், பயோ, டிகிரேட், ஏபிள் என்று எழுதி நான்கு பிள்ளைகள் கையில் கொடுத்து வரிசையாக நிற்க வைத்தேன். ‘நான்’ அட்டைக்காரன் விலகினால் மக்கும், வந்து நின்றால் மக்காத. அப்புறம் ‘பயோ’, ‘டிகிரேட்’ இருவரையும் உட்காரச் சொல்லி, அவர்கள் இடத்தில் ரீசைக்கிள், ரீயூஸ், கம்போஸ்ட் அட்டைகளை நிறுத்தி ‘ஏபிள்’ சேர்த்துப் பார்த்தோம். இதில் ஒரு தொல்லை, ‘மக்கு’ என்றதும் வகுப்பு ஒருத்தனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். புத்தகத்தில் உள்ள மாதிரி ‘மட்கும்’ என்று சொன்னாலும் சிரிப்பு நிற்காது. “மக்கினாத்தானே கண்ணு உரமாகும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பாடப்புத்தகம் எதற்கெடுத்தாலும் டிகம்போஸ் என்று ஒரே சொல்லைப் போடுகிறது. நம் ஊர்ச் சமையலறையில் எத்தனை சொல் பாருங்கள். சோறு ஊசிப்போகும். மாவு புளிக்கும். தக்காளி அழுகும். ரொட்டி பூசணம் பிடிக்கும். மரம் உளுத்துப்போகும். கயிறு இற்றுப்போகும். கடப்பாரை துருப்பிடிக்கும். சருகு மக்கும். இதை ஒரு பீரியட் முழுக்கச் செய்யுங்கள், வீணாகாது. ஸ்பாயில், ஃபெர்மென்ட், ராட், மோல்ட், ரஸ்ட் என்று ஒவ்வொன்றுக்கும் சோடி கண்டுபிடிக்கட்டும். கயிறு இற்றுப்போவதற்குச் சரியான சோடி கிடைக்காமல் திண்டாடுவார்கள், திண்டாடட்டும். துருப்பிடிப்பதில் நுண்ணுயிருக்கு வேலையே இல்லை, அதனால் அது ‘பயோ’வில் சேராது என்பது அறிவியலும் ஆயிற்று. அழுகுவதும் மக்குவதும் ஏன் வேறு என்று கேட்டால் பிள்ளைகளே மூக்கைப் பிடித்துக் காட்டுவார்கள். காற்றுப் புகாமல் ஈரம் கட்டி நின்றால் நாற்றம் வரும். கிளறிக் காற்றுப் போனால் மண் வாசம் வரும். அனேரோபிக், ஏரோபிக் என்ற இரண்டு சொல்லையும் அப்போது கொடுங்கள், மூக்கோடு சேர்ந்து ஞாபகம் இருக்கும்.

இதிலேயே இலக்கணமும் உண்டு. “த லீஃப் இஸ் டிகம்போஸ்டு பை இட்செல்ஃப்” என்று எழுதாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ‘மக்குகிறது’ என்றால் தானாக நடப்பது, ‘மக்க வைக்கிறோம்’ என்றால் நாம் செய்வது என்று தமிழில் பளிச்சென்று தெரியும். இலை டிகம்போசஸ், நாம் இலையைக் கம்போஸ்ட் செய்கிறோம். இந்த ஜோடியைச் சொல்லிக்கொடுத்தால் அந்த ‘இஸ்’ தானே உதிர்ந்துவிடும்.

மக்கும் என்றால் உடனே மக்கும் என்றும் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் ஓரங்களில் குவிந்திருக்கும் தென்னை நார்க்கழிவைச் சொல்லுங்கள். தென்னையில் வந்ததுதான், ஆனால் மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னின் என்ற பொருள் அதில் அதிகம், கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 100:1 அளவில் இருப்பதால் நுண்ணுயிர் எளிதில் வாய் வைக்காது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கி அதை மக்க வைக்கும் முறையைச் சொல்லித்தருகிறது. இந்த ஒரு உதாரணத்தில் ஸ்லோலி, குயிக்லி, பார்ட்லி, கம்ப்ளீட்லி நான்கும் வந்துவிடும். கடையில் ‘கம்போஸ்டபிள்’ என்று அச்சடித்த பையும் இதே கதைதான். அது ஆலைக் கம்போஸ்ட்டின் சூட்டில், 58 டிகிரி வாக்கில் வைத்துப் பார்க்கப்பட்ட பை. வீட்டுக் குழியில் அந்தச் சூடு நிலைத்து நிற்காது.

‘லிட்டர்’ என்ற சொல்லில் கண்டிப்பாகச் சிரிப்பு வரும். “டு நாட் லிட்டர்” (கண்ட இடத்தில் குப்பை போடாதே) என்ற பலகையைக் காட்டினால், எத்தனை லிட்டர் என்பார்கள். ஸ்பெல்லிங் வேறு, உச்சரிப்பும் வேறு, ஆனால் தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பல்லடம் பக்கத்துப் பிள்ளையாக இருந்தால் இன்னொன்று சொல்லும்: கோழிப் பண்ணையில் தரையில் பரப்புகிற நார்த்தூளும் உமியும் கூட லிட்டர்தான். உண்மையில் பழைய பொருள் அதற்குத்தான் பக்கம். லத்தீனில் படுக்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மாட்டுக்கும் கோழிக்கும் பரப்பிய வைக்கோல் என்றாகி, அப்புறம் கண்டபடி இறைந்து கிடப்பது என்று ஆயிற்று. மரத்தடிச் செத்தைக்கும் லீஃப் லிட்டர் என்றே பெயர். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை ஒன்று இங்கே கை தூக்கி, “நாங்க குப்பையையே செத்தன்னுதானுங் சார் சொல்லுவோம்” என்றது. கார்பேஜ் என்ற சொல் ஒரு காலத்தில் கோழிக்குடலைக் குறித்தது என்றும் சொல்லிவைத்தேன். அதை மட்டும் இன்றைக்கும் மறக்காமல் வந்து சொல்கிறார்கள்.

செக்ரகேட் பற்றி ஒரு வரி. நம் அரசு விதிகளில் அந்தச் சொல்தான் இருக்கிறது, அதனால் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அமெரிக்காவில் அந்தச் சொல்லைக் கேட்டால் நிறத்தை வைத்து மனிதரைப் பிரித்து வைத்த காலம்தான் முதலில் நினைவுக்கு வரும். குப்பைக்கு அங்கே சார்ட், செபரேட் என்பதே புழக்கம். பிள்ளைகளுக்கும் ‘சார்ட்’ என்பது வாயில் சுலபமாக வரும். முதலில் அதைக் கொடுங்கள்.

லீச்சேட்டுக்கு நான் ஃபில்டர் காபி போட்டுக் காட்டுவேன். மேல் டம்ளரில் தூள், கொதிநீர், கீழே சொட்டுச் சொட்டாக டிகாஷன். தூளுக்குள் இறங்கும் தண்ணீர் அதன் சாரத்தையும் எடுத்துக்கொண்டு கீழே வருகிறது. அந்த இறங்குதல்தான் லீச். இப்போது தூளுக்குப் பதில் கோவை வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு, கொதிநீருக்குப் பதில் ஐப்பசி மழை, டம்ளருக்குப் பதில் கீழே உள்ள கிணற்று ஊற்று என்று சொன்னேன். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. டம்ப், லேண்ட்ஃபில் என்ற வித்தியாசமும் அங்கேயே விளங்கிவிடும்: அடியில் விரிப்பு போட்டு, அந்தச் சாறு மண்ணுக்குள் போகாமல் குழாயில் பிடித்துச் சுத்திகரித்தால் லேண்ட்ஃபில், வெறுமனே கொட்டினால் டம்ப். தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டையும் குப்பைக் கிடங்கு என்றே எழுதுகின்றன.

வாக்கியம் ஏன் வரவில்லை என்பதுதானே உங்கள் முக்கியமான கவலை. ஆங்கிலம் கற்பிப்பதில் ஐசபெல் பெக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். முதலடுக்கு தினசரிப் பேச்சில் தானாக வருவது. மூன்றாவது ஒரு துறைக்கே உரியது. லீச்சேட், ஏரோபிக் எல்லாம் அதில். நடுவில் ஒன்று, எந்தப் பாடத்திலும் வரும் சொற்கள்: கன்டெய்ன், ரிமெய்ன், ரிலீஸ், ரிடெய்ன், ரிமூவ். நாம் மூன்றாம் அடுக்கிலேயே பாடுபடுகிறோம். அதற்குப் புத்தகத்தில் விளக்கம் உண்டு, பிள்ளையும் படித்துவிடும். நடு அடுக்கை யாரும் சொல்லித்தருவதில்லை, வாக்கியம் அங்கேதான் முறிகிறது. வாரத்துக்கு நாலு நடு அடுக்குச் சொல் போதும். கூடவே சட்டகம் மாதிரி, பிள்ளைகள் இட்டு நிரப்ப ஒரு வாக்கியம் கொடுங்கள்: “ஐ திங்க் இட் இஸ்… பிகாஸ் இட் இஸ் மேட் ஆஃப்…” சும்மா கொடுத்தால் ஓடாது. சண்டை வருகிற பொருளாகக் கொடுக்க வேண்டும். டீக்கடைக் காகிதக் கப் எடுத்துப்போங்கள். காகிதம் என்பான் ஒருவன். உள்பக்கம் நகத்தால் உரித்து மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைக் காட்டுவாள் இன்னொருத்தி. மாத்திரை அட்டையிலும் இதே கதை, ஒரு பக்கம் அலுமினியம், ஒரு பக்கம் பிளாஸ்டிக். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணை வீட்டில் பார்த்து வரச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலில் 1, ஷாம்பு டப்பாவில் பெரும்பாலும் 2, சாப்பாட்டு டப்பாவில் 5.

கடைசியாக, இரண்டு மாதம் ஓடுகிற ஒரு வேலை. பருவம் தொடங்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். இரண்டு மண் தொட்டி, பாதி செம்மண், பாதி காட்டுக் குப்பை. ஒன்றில் சாயம் போடாத காட்டன் பனியன் துணி, இன்னொன்றில் பாலியஸ்டர் துணி, உள்ளங்கை அகலம். ஈரம் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் குச்சியால் விலக்கிப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம்: போன வாரம் எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி இருக்கிறது. காலங்கள் அதிலேயே வந்துவிடும்.

நாங்கள் செய்தபோது காட்டன் தொட்டியில் ஒரு பெண் வெட்டுத் துணிக்குப் பதில் அவள் தம்பியின் பழைய பனியனில் கையோரத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து போட்டிருந்தாள். ஒன்பதாம் வாரம் தோண்டினோம். துணி பெரும்பகுதி போய்விட்டது, மிச்சம் தொட்டாலே இற்று விழுந்தது. ஓவர்லாக் அடித்த நூல் மட்டும் வளையமாக அப்படியே கையில் வந்தது. தையல் நூல் பாலியஸ்டர். அவள் அதைத் தண்ணீரில் அலசி நோட்டில் ஒட்டி, கீழே எழுதினாள்: “த கிளாத் டிகம்போஸ்டு. த த்ரெட் ரிமெய்ன்.” ஓர் ‘எஸ்’ விட்டுப்போயிருந்தது. அதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொண்டோம்.